காற்றின் வரப்பு

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாகாணத்தின் தென் கோடியில், ஸான் டியாகோ என்னும் பட்டணம் இருக்கிறது. அப்பட்டணத்தின் வட பாகத்தில் பஸிபிக் மகா சமுத்திரத்தை நோக்கியபடி ஒரு நீண்ட மணற்பாறைக் குன்று நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 100 மீட்டர். உச்சி நம் ஊர்த் திடலைப் போலச் சமமானது. மேற்குப் பக்கமோ, கத்தி கொண்டு வெட்டி எடுத்தாற்போல் செங்குத்தாக இறங்கிக் கடற்கரை மணலில் முடிகிறது. இவ்விடத்துக்கு டோரி பைன்ஸ் என்று பெயர். அங்கே வளரும் ஓர் அபூர்வமான பைன் மரத்தினால் வந்த பெயர் அது. உலகத்தில் அம்மரம் இயற்கையாக வளர்வது இரண்டே இடங்களில்தான்: இக்கரையிலும், கடலுக்குள் இருக்கும் ஸாண்டா ரோஸா தீவிலும். 1850-ஆம் ஆண்டில் பாரி என்ற தாவர சாஸ்திரி இதனைக் கண்டு, தமக்குத் தாவர நூல் கற்பித்த டோரி என்பவரின் பெயரை இதற்கு இட்டார். ஆசிரியரின் பெயரை மரத்துக்கு இட்டுப் போற்றும் மாணாக்கரும் உலகில் இருந்திருக்கிறார்கள் என்பது, பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு தொண்டை வறள நின்ற நமக்கு ஓர் ஆறுதல்.

ஆனால் அக்குன்றில் திரளும் ஜனங்கள் மரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அல்ல. மனிதன் பறப்பதைப் பார்க்க வருகிறவர்கள். விமானத்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பணிப்பெண் தரும் காப்பியைக் குடித்துக்கொண்டு பறப்பதை நாம் சொல்லவில்லை. இங்கே யந்திரம் இல்லை, பெட்ரோல் இல்லை, இரைச்சல் இல்லை. துணியாலான ஒரு சிறகு, அதன் கீழே ஒரு மனிதர், அவ்வளவுதான். குன்றின் விளிம்பை நோக்கி நான்கைந்து அடி எடுத்து வைக்கிறார். கால் தரையை விட்டுக் கிளம்புகிறது. கீழே விழ வேண்டியவர் மேலே போகிறார்! முதன்முதல் அதைக் காணும்போது, பார்ப்பவருடைய நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மறுபடியும் அடித்துக்கொள்கிறது.

சென்ற கோடை விடுமுறையில், அப்பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தபோது, மூன்று நாள் பிற்பகலில் நாம் அக்குன்றுக்குச் சென்றோம். முதல் நாள் வெறும் வேடிக்கைதான். இரண்டாம் நாள் ஒரு சந்தேகம் பிறந்தது. ஒரே சமயத்தில் இருபது பேர் வரையில் அக்குன்றின் முகத்துக்கு நேரே வடக்கும் தெற்குமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. சாலையில் இருப்பதுபோல் நடுவிலே வெள்ளைக் கோடும் இல்லை. இவர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருப்பது எவ்வாறு? இதைத் தெரிந்துகொண்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறது. கடல் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. தரை மேலுள்ள காற்று இலேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. கடற்கரை ஊர்களில் வசிப்போருக்கு இது புதிதன்று. அப்படி ஓடி வரும் காற்று, வழியிலே 100 மீட்டர் உயரமுள்ள சுவரைக் கண்டால் என்ன செய்யும்? துளைத்துக்கொண்டு போக முடியாது; மேலே ஏறித்தான் தாண்ட வேண்டும். ஏறுகின்ற அந்தக் காற்றில்தான் இவர்கள் பறக்கிறார்கள். சிறகு தன்னியல்பில் எப்பொழுதும் கீழ்நோக்கியே சறுக்கிக்கொண்டிருக்கிறது. விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்குகிறது. காற்று விநாடிக்கு இரண்டு மீட்டர் மேலே தூக்குமானால், மிச்சம் ஒரு மீட்டர் லாபம். மேலே செல்லும் மின்சாரப் படிக்கட்டில் ஒருவன் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நடந்தாலும் படிக்கட்டு அவனை மாடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் அல்லவா? அதே கணக்குத்தான்.

இந்த ஏறு காற்று குன்றின் முகத்தை ஒட்டியே இருக்கும். கடல் பக்கமாக அதிக தூரம் விலகினால் கிடைக்காது. விளிம்புக்குப் பின்னால் தரைப்பக்கம் போனாலோ, அங்கே காற்று சுழித்து உருண்டு கீழே அமுக்குகிறது. அது பொல்லாத இடம். ஆகவே, பறக்கத் தகுந்த ஆகாயம் குன்றின் நீளத்தை ஒட்டி ஓடும் ஓர் ஒடுங்கிய பட்டைதான். எதிரே பஸிபிக் மகா சமுத்திரம் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கிறது. அதன் மேலே ஆகாயம் அதைவிட விரிந்து கிடக்கிறது. இருந்தும் என்ன? வயல் நடுவே வரப்பிலே நடப்பவர்களைப் போல எல்லோரும் அந்தச் சிறு பட்டைக்குள்ளேயே வந்து போக வேண்டியிருக்கிறது. அவ்விடத்தின் அழகுக்கும் சரி, அபாயத்துக்கும் சரி, இதுவே மூலம்.

இக்காற்றின் அருமை வெகு காலத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. 1927-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனியாகப் பறந்து கடந்து கீர்த்தி பெற்ற லிண்ட்பர்க், 1930-இல் இதே பட்டணத்தின் ஸோலிடாட் குன்றிலிருந்து யந்திரமில்லாச் சறுக்கு விமானத்தில் கிளம்பி, கரையோரக் காற்றையே துணையாகக் கொண்டு வடக்கே டெல் மார் வரையில் சென்று இறங்கினார். டோரி பைன்ஸ் அந்த வழியில்தான் இருக்கிறது. அவர் மனைவி ஆன் அம்மையாரும் அதே ஆண்டில் ஸோலிடாட் குன்றிலிருந்து பறந்து, சறுக்கு விமானத்தில் முதல் வகுப்பு உரிமம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி என்ற பெயரை அடைந்தார். இவர்களுக்கு விமானம் கொடுத்துப் பழக்கியவர் ஹாலி பௌலஸ் என்பவர். லிண்ட்பர்க் சமுத்திரம் தாண்டிய விமானம் ஸான் டியாகோவில் செய்யப்பட்ட காலத்தில் அத்தொழிற்சாலையில் மேற்பார்வை செய்தவர் அவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது இக்குன்றின் மேல் ராணுவ முகாம் இருந்தது. யுத்தம் முடிந்ததும் சறுக்கு விமானக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இப்பொழுது அங்கு மிகுதியாகக் காணப்படும் சிறகுகள் இரண்டு வகை. ஒன்று ஹாங் கிளைடர், மற்றொன்று பாராகிளைடர். நம் சௌகரியத்துக்காக முன்னதைத் தொங்கு சிறகு என்றும், பின்னதைக் குடைச் சிறகு என்றும் சொல்லிக்கொள்வோம். பண்டிதர்கள் இதைவிட நல்ல பெயர் கண்டுபிடித்துச் சொன்னால் நமக்கு ஆட்சேபம் இல்லை.

தொங்கு சிறகு ரொகாலோ என்னும் பொறியாளரும் அவர் மனைவியும் 1948-இல் செய்து பார்த்த ஒரு காற்றாடியிலிருந்து பிறந்தது. 1970-க்குப் பிறகு கலிபோர்னியாக் கடற்கரைகளில் இது வெகு வேகமாகப் பரவிற்று. அலுமினியக் குழாய்ச் சட்டம். அதை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள். மேலே விறைப்பாகப் பூட்டிய துணி. பறப்பவர் அதன் அடியில் குப்புறப் படுத்த நிலையில் தொங்குகிறார். முன்னாலுள்ள முக்கோணச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, தம் உடல் பாரத்தை முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தித் திருப்புகிறார். பருந்து சிறகை அசைக்காமல் சாய்ந்து திரும்பும் காட்சியே நமக்கு நினைவு வந்தது. சிறகின் எடை மட்டும் 25 முதல் 35 கிலோ வரையில் இருக்கும். பூட்டி முடிக்க அரை மணி வேண்டும்.

குடைச் சிறகுக்கு எலும்பே கிடையாது. பாராசூட்டின் வம்சம் அது. 1978-இல் பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலைச் சாரலில், மியூஸி என்னும் கிராமத்தில், சிலர் பாராசூட்டை விரித்துக்கொண்டு சரிவில் ஓடிக் கிளம்பிப் பார்த்தார்கள். இக்கலை அங்கிருந்தே பெருகிற்று. துணியின் முன் விளிம்பில் வரிசையாக வாய்கள் இருக்கின்றன. அவற்றில் காற்றுப் புகுந்து உப்பியிருக்கும் வரையில் அது சிறகு. காற்றுப் போய்விட்டால் வெறும் துணி. பறப்பவர் நாற்காலியில் அமர்ந்தவர்போல் தொங்க, சிறகு அவர் தலைக்கு மேலே ஏழு மீட்டர் உயரத்தில் நூல்களின் நுனியில் நிற்கிறது. மடித்துப் பையிலே போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம். இந்தச் சுலபத்தினால்தான் இன்று குடைக்காரர் எண்ணிக்கை மிகுந்து, தொங்கு சிறகுக்காரர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

ஓரகத்திகள் இருவர் ஒரே சமையலறையில் புழங்குவது எளிதன்று என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். தொங்கு சிறகுக்காரர்கள் சொல்வது: “இந்தக் குடைகள் வழியின் நடுவே அசையாமல் நின்றுகொண்டு இடத்தை அடைத்துவிடுகின்றன.” குடைக்காரர்கள் சொல்வது: “அந்த அம்புகள் சொல்லாமல் கொள்ளாமல் காதோரமாகச் சீறிக்கொண்டு போகின்றன.” இரண்டு புகாரிலும் உண்மை உண்டு. மாட்டு வண்டியும் மோட்டாரும் ஒரே சாலையில் போனால் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

ஆனால் வேகத்தை மட்டும் பார்த்தால் விஷயத்தின் பாதிதான் விளங்கும். வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். குடைச் சிறகு மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் போகிறது. தொங்கு சிறகு மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 15 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விரும்பினால் அது இன்னும் வேகமாகவும் போகும். இரண்டும் எதிரெதிரே வந்தால், நடுவிலுள்ள தூரம் விநாடிக்கு 25 மீட்டர் வீதம் குறைகிறது. 100 மீட்டர் இடைவெளி நான்கே விநாடியில் தீர்ந்துபோகும். அந்த நான்கு விநாடிக்குள் கண் காண வேண்டும். மூளை தீர்மானிக்க வேண்டும். கை இழுக்க வேண்டும். சிறகு திரும்ப வேண்டும். “ஐயோ, எந்தப் பக்கம் திரும்பலாம்?” என்று யோசிக்க அதிலே இடம் ஏது? ஆகவே எந்தப் பக்கம் என்பது தரையில் இருக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். அதுவே விதி.

விதியை நாம் நம்முடைய வரப்பைக் கொண்டே விளக்கிவிடலாம். நடவு முடிந்த வயல், ஒற்றை வரப்பு, எதிரும் புதிருமாக இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தி தலையில் நாற்றுக்கட்டு. மற்றவன் வெறுங்கையன். யார் சேற்றில் இறங்கி வழிவிடுவது? கேட்க வேண்டியதே இல்லை, வெறுங்கையன்தான் இறங்குவான். யார் பெரியவர், யார் முதலில் வரப்பில் ஏறினார் என்ற வழக்கெல்லாம் அங்கே கிடையாது. ஒதுங்க முடிந்தவன் ஒதுங்குகிறான். முடியாதவர் நேரே போகிறார்.

டோரி பைன்ஸ் குன்று மேற்கு நோக்கியது என்று சொன்னோம். வடக்கே போகிறவருக்குக் குன்று வலக்கைப் பக்கம். தெற்கே வருகிறவருக்கு இடக்கைப் பக்கம். எதிர்ப்படும் இருவரும் வலப்புறம் ஒதுங்குவது ஆகாய மார்க்கத்தின் பொது வழக்கம். வடக்கே போகிறவர் வலப்புறம் ஒதுங்கினால் பாறையில்தான் மோதுவார். தெற்கே வருகிறவருக்கோ வலப்புறம் முழுவதும் வெட்டவெளி. எனவே, வலப்புறத்தில் மலை இருப்பவருக்கு வழி. மற்றவர் கடல் பக்கம் ஒதுங்க வேண்டும். உலகமெங்கும் மலைமுகத்தில் பறப்போர் இந்த விதியைத்தான் கைக்கொள்கிறார்கள். இதிலிருந்தே இன்னொரு விதியும் பிறக்கிறது. கோடியிலே போய்த் திரும்பும்போது எப்பொழுதும் கடலை நோக்கியே திரும்ப வேண்டும். குன்றை நோக்கித் திரும்பவே கூடாது. குன்றை நோக்கித் திரும்புகிறவரைப் பின்புறக் காற்று தள்ளிக்கொண்டு போய்ப் பாறையில் அறைந்துவிடும்.

முந்துவதற்கும் இதே நியாயம்தான். முன்னே போகிறவர் எந்தக் கணத்திலும் கடல் பக்கம் திரும்பிவிடலாம். பின்னால் வருகிறவரை அவர் காண்பதில்லை. ஆகையால், முந்த விரும்புகிறவர் போதிய இடம் இருந்தால் குன்றுக்கும் அவருக்கும் நடுவே முந்திப் போவதே அமெரிக்க மலைமுகங்களில் பொதுவாக வழங்கும் முறை. இடம் போதாவிட்டால் முந்தாமல் திரும்பிப் போய்விட வேண்டியதுதான். வேகமான தொங்கு சிறகுக்காரர் இதிலே பெருந்தன்மை காட்ட வேண்டியிருக்கிறது.

இனி, வேகத்தை விடப் பெரிதென்று நாம் கருதும் விஷயத்துக்கு வருவோம். தொங்கு சிறகுக்காரர் குப்புறப் படுத்திருப்பதால் அவருக்கு முன்னும் கீழும் நன்றாகத் தெரியும். மேலேயும் பின்னேயும் சிறகு மறைக்கிறது. குடைக்காரருக்கு முன்னும் பக்கங்களும் கீழும் தெரியும். தலைக்கு நேர் மேலே அவருடைய குடையே மறைக்கிறது. ஆக, இருவருக்குமே உச்சியில் கண் இல்லை! இதனால்தான் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இடம் விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவரைக் காற்று திடீரென்று தூக்கிவிட்டால் அவர் மேலேயுள்ளவரின் அடிவயிற்றில் போய் முட்டுவார். மேலே யார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. பார்க்கக் கூடியவர் மேலே இருப்பவர்தான். எனவே பொறுப்பும் அவருடையதே.

இதை நமக்கு விளக்கியவர் தலை நரைத்த ஒரு தொங்கு சிறகுக்காரர். மூன்றாம் நாள் தம் சிறகைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். நாம் கேட்பதைத் தம்பி அவருக்குச் சொல்ல, அவர் விடையளித்தபடியே கையையும் ஆட்டிக் காட்டினார். கூட்டமாக இருக்கும் நாளில், தாம் கண்டுகொண்ட ஆளைவிட, காணாமல் தொலைத்த ஆளையே தாம் அதிகமாக நினைப்பதுண்டு என்றார் அவர். சற்று முன் இடப்புறம் ஒரு நீலக் குடை இருந்தது; இப்பொழுது காணோம்; அது எங்கே போயிருக்கும்? அது தெரியும் வரையில் அவர் திரும்ப மாட்டாராம். திரும்புவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்ப்பதைக்கூட, பிறர் கண்ணுக்குத் தெரியும்படி நன்றாகத் திருப்புவாராம். மாட்டு வண்டிக்காரன் கையை நீட்டுவது போல அதுவும் ஒரு சமிக்ஞை.

திரும்பி நடக்கையில் தம்பி சொன்னான்: “அண்ணா, நாம் காரில் போகும்போது மற்றவன் தப்புச் செய்வான் என்று நினைத்து ஓட்டு என்பார்கள். இவர் தன்னை மற்றவன் பார்க்கவில்லை என்று நினைத்துப் பறக்கிறார்.” தம்பி சொன்னது சரி என்றே நமக்கும் தோன்றிற்று.

காற்றுத் தூண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்நாட்டு மலைகளில், வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று தூணைப்போல் எழும்பும். அதற்குள் புகுந்து வட்டமிட்டால் மேலே மேலே ஏறலாம். கழுகுகள் செய்வது அதைத்தான். அங்கே விதி நம் கோயில் பிரகாரத்து விதி. முதலில் வந்து சேர்ந்தவர் வலமாகச் சுற்றினால் பின்னால் வருகிறவர் அனைவரும் வலமாகவே சுற்ற வேண்டும். இடமாகச் சுற்றினால் இடமாகவே. பிரதட்சிணம் செய்கிற கூட்டத்தில் ஒருவன் மட்டும் அப்பிரதட்சிணமாகப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விதிகள் இருந்தும் விபத்து நேர்வதுண்டு. 2019-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி, இதே டோரி பைன்ஸ் குன்றின் முகத்தில் இரண்டு குடைச் சிறகுகள் வானத்தில் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு பாறைச் சரிவில் விழுந்தன. பறந்த இருவரும் மாண்டார்கள். இரண்டுமே ஒரே வகைச் சிறகு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மோதலுக்கு வகை பேதம் கிடையாது. இவர்கள் ஒவ்வொருவரும் ஆபத்துக் காலத்துக்கென்று ஒரு சிறு பாராசூட்டை இடுப்போரமாக வைத்திருப்பது வழக்கம். ஆயினும் அது விரிந்து தாங்க உயரம் வேண்டும். 100 மீட்டர்க் குன்றை ஒட்டிப் பறப்பவருக்கு அந்த உயரம் பல சமயம் கிடைப்பதில்லை. ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் மேல் பறப்பதைவிட இந்த அழகான கடற்கரைக் குன்று சாது என்று எண்ணுவது தவறு.

எலும்பில்லாச் சிறகுக்கு இன்னொரு தனிப்பட்ட தொல்லையும் உண்டு. எந்தச் சிறகும் காற்றிலே போகும்போது தன் பின்னால் சுழல் காற்றை விட்டுப் போகிறது. படகுக்குப் பின்னால் நீர் சுழிப்பது போல. தொங்கு சிறகு அத்தகைய சுழலில் புகுந்தால் குலுங்கும், சட்டம் தாங்கிக்கொள்ளும். குடைச் சிறகு புகுந்தால் ஒரு பக்கம் மடிந்து சுருண்டு போகலாம். பயிற்சி உள்ளவர் மறுபடி விரித்துக்கொள்வார். அதற்கும் உயரம் வேண்டும். ஆகவே “தொடாமல்தானே போனேன்” என்று தொங்கு சிறகுக்காரர் சொல்வது போதாது. குடைக்கு முன்னாலும் மேலேயும் அவர் தாராளமாக இடம் விட்டுப் போவது அவசியம்.

நல்ல வேளையாக, காற்றே ஓரளவுக்கு இவர்களைப் பிரித்து வைக்கிறது. காற்று மெலிதாக இருக்கும்போது குடைகள் மிதக்கும். தொங்கு சிறகுகளுக்கு அது போதாது. காற்று பலக்கும்போது, மெதுவாகப் போகும் குடைகளை அது விளிம்புக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடும். அதனால் அவை இறங்கிவிட, தொங்கு சிறகுகள் களத்துக்கு வருகின்றன. இடைத்தரமான காற்றில்தான் இரண்டும் கூடும். ரசிப்பவர்களுக்கு அதுவே மிக நல்ல வேளை. பறப்பவர்களுக்கு அதுவே மிகுந்த ஜாக்கிரதை வேண்டும் வேளை.

கிளம்புமுன் செய்யும் சோதனையைப் பார்த்து நாம் மிகவும் மகிழ்ந்தோம். தொங்கு சிறகுக்காரர் எல்லாம் பூட்டியானதும் சிறகின் கீழே கவிழ்ந்து தொங்குகிறார். நண்பர் ஒருவர் சிறகைப் பிடித்துக்கொள்கிறார். உடல் தரைக்கு மேலே நேராக நிற்கிறதா, கொக்கி மாட்டப்பட்டிருக்கிறதா என்று இருவரும் பார்க்கிறார்கள். இதென்ன, கொக்கியை மாட்டாமல்கூட ஒருவர் ஓடுவாரா என்று கேட்கத் தோன்றும். ஓடியிருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுவதும் தேடுகிற மனிதப் பிறவிதானே நாம்? குடைக்காரர்களும் அவ்வாறே தொடைப் பட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு குடையை விரித்துத் தலைக்கு மேலே நிறுத்தி, விளிம்பருகில் நின்று இரு பக்கமும் பார்க்கிறார்கள். கிளம்புகிறவர் ஏற்கெனவே பறக்கிறவர்களுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகாயத்தில் இருப்பவரால் நிற்க முடியாது. தரையில் இருப்பவரால் முடியும். மறுபடியும் அதே வரப்பு நியாயம்.

இறங்குவதும் பெரும்பாலும் குன்றின் உச்சியிலேயே. காற்று மேலே தூக்கும் இடத்தில் இறங்குவது சுலபமன்று. தொங்கு சிறகு வேகமாக வந்து, தரையை ஒட்டி நீண்ட தூரம் ஓடித்தான் இறங்கும். கடைசி நிமிஷத்தில் மனத்தை மாற்றிக்கொண்டு மேலே போக யந்திரம் இல்லை. குடை சிறிய இடத்தில், மெதுவாக, பையப் பைய இறங்கும். ஆகவே, தொங்கு சிறகு இறங்கும் வழியில் குடையை விரித்துப் போட்டுவிட்டு நூல் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப்போல மரியாதைக் குறைவு வேறில்லை. இறங்கியவுடன் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓரமாகப் போய்விட வேண்டும். சிலர் அப்படிப் போகிறார்கள். சிலரை மற்றவர்கள் கத்தித்தான் விரட்ட வேண்டியிருக்கிறது. காற்றுத் திடீரென்று ஓய்ந்துபோனால் உச்சிக்கு வர முடியாது. கீழே கடற்கரை மணலில் இறங்க வேண்டியதுதான். பிறகு சுமையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறி வர வேண்டும். அப்படி வேர்க்க விறுவிறுக்க வந்த வாலிபர் ஒருவர், கடைசிப் படியில் எங்களைக் கண்டதும் சிரித்தார். அச்சிரிப்பில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அமெரிக்கச் சர்க்கார் 1982-இல் செய்த விதிகளின்படி இத்தகைய இலேசான பறக்கும் சாதனங்களுக்கு விமானி உரிமம் தேவையில்லை. பகலில் மட்டும் பறக்க வேண்டும். ஜனநெருக்கமுள்ள இடத்தின் மேல் பறக்கக் கூடாது. மற்ற விமானங்களுக்கு வழிவிட வேண்டும் என்பது போன்ற சில கட்டளைகளோடு சர்க்கார் ஒதுங்கிக்கொண்டது. பழக்குவது, பரீட்சை வைப்பது, தகுதிப் படிகள் கொடுப்பது ஆகிய காரியங்களைப் பறப்போரின் தேசிய சங்கமே செய்து வருகிறது. புதிதாக ஒரு குன்றுக்கு வருகிறவர், எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், அவ்விடத்து வழக்கங்களை உள்ளூர்க்காரரிடம் கேட்டறிந்த பிறகே கிளம்ப வேண்டும் என்பது கட்டுப்பாடு. மேலதிகாரி கண்காணிக்காவிட்டால் மனிதர் ஒழுங்காய் நடக்க மாட்டார் என்று சொல்லுகிறவர்களுடன் நாம் பலமுறை வாதாடியிருக்கிறோம். அவர்களை இக்குன்றுக்கு ஒரு முறை அழைத்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டோம். அதே சமயத்தில் 2019-ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் அவர்கள் நமக்கு எடுத்துக் காட்டக் கூடும்; அதற்கு நம்மிடம் முழுப் பதில் இல்லை.

மனிதரைத் தவிர வேறு சிலரும் இந்த வரப்பில் நடமாடுகிறார்கள். பழுப்பு நிறப் பெலிகன் பறவைகள் ஏழெட்டாக ஒரே வரிசையில், சிறகை அசைக்காமல், குன்றின் முகத்தை ஒட்டி மிதந்து செல்கின்றன. குடைகளின் ஊடே அவை நுழைந்து போகும் லாவகத்தைப் பார்த்தால், மற்றெல்லோரும் இன்னும் அரிச்சுவடி வாசிக்கிறவர்கள் என்றே தோன்றும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். பட்டணத்தின் நடுவிலிருந்து வடக்கே மோட்டாரில் அரை மணிக்குள் சென்றுவிடலாம். தெற்கே கூப்பிடு தூரத்தில், விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்யும் ஸால்க் நிலையம் இருக்கிறது. லூயி கான் என்ற சிற்பி அமைத்த அக்கட்டடத்தையும் பார்த்து வரலாம். பறப்பதை வேடிக்கை பார்க்கக் கட்டணம் இல்லை. தாமே பறக்க ஆசைப்படுவோர், தேர்ந்த விமானி ஒருவருடன் சேர்த்துக் கட்டப்பட்டு ஒரே சிறகில் இருவராகப் பறக்கவும் ஏற்பாடு உண்டு. நம் தம்பி போய் வந்தான். நாம் அவனுடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம். காலையில் காற்று இராது; உச்சிப் பொழுதுக்குப் பிறகு போவது உத்தமம். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் விளிம்பருகே விடாமல் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மணற்பாறை உறுதியற்றது. அவ்வப்போது பெயர்ந்து கடற்கரையில் விழுகிறது.